ஊரி குழறுகிறது: மட்டக்களப்பு வாவியும் இணையத்தின் பதர்ப் பக்கங்களும்

மட்டக்களப்பு வாவியைப் பற்றி இணையத்தில் நாலைந்து பக்கங்கள் படித்தவருக்கு ஒரு செய்தி மனப்பாடமாகியிருக்கும். முழுநிலவு இரவில் கல்லடிப் பாலத்தடிக்குத் தோணியில் போய், துடுப்பை நீரில் இறக்கி, மறுமுனையைக் காதோடு வைத்தால் மீன் பாடுவது கேட்கும். விடுதிக்காரரின் பக்கம், பயண முகவரின் பக்கம், கொழும்பிலிருந்து ஊர்ப்பெயர்களை அடுக்கி எழுதுபவரின் பக்கம், எல்லாவற்றிலும் இதே செய்தி, பெரும்பாலும் இதே வரிசையில். கேட்டவர் யார், எந்த மாதம், எவ்வளவு நேரம் காத்திருந்தார், சத்தம் எப்படியிருந்தது, கேளாமல் திரும்பியவர் உண்டா என்ற விவரங்கள் இரா. ஊருக்கு 'மீன்பாடும் தேன்நாடு' என்று பட்டம். அந்த மீனைப் பற்றி ஊரவரே எழுதிய பக்கத்தைத் தேடினால் விரல் நோகும்.

இந்தச் செய்தியின் வேரைத் தேடிப் போனால் ஜேம்ஸ் எமர்சன் டெனன்டிடம் போய் நிற்போம். 1845 முதல் 1850 வரை இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த பிரித்தானிய அதிகாரி அவர். 1848 செப்டெம்பரில் மட்டக்களப்புக்கு வந்தபோது இந்தச் சத்தத்தைப் பற்றி விசாரித்தார். 1859இல் வெளியான இலங்கை பற்றிய பெருநூலில் அதை எழுதினார். நிலவு எழுந்த பிறகு மீனவர்களோடு தோணியேறினார் என்றும், கோட்டை வாசலருகே இருந்த துறையிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 200 யார் தூரம் வலித்துப் போனார்கள் என்றும், காற்றே இல்லாத இரவு என்றும் குறிக்கிறார். நீருக்குள்ளிருந்து வந்தது ஒரே ஒலி அன்று. பல மெல்லிய ஒலிகள், ஒவ்வொன்றும் தனியாகப் பிரித்தறியும்படி. ஈர விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் எழும் ஒலியை உவமை சொல்கிறார். தோணியின் மரத்தில் காதை வைத்தால் சத்தம் கூடியது. வாவியில் இடத்துக்கு இடம் அது மாறியது. சில இடங்களில் கேட்கவே இல்லை. கோடையில்தான் கேட்கும், மழைவெள்ளம் இறங்கினால் நின்றுவிடும் என்று மீனவர்கள் சொன்னதையும் விடாமல் எழுதிவைத்தார்.

இதில் கவனிக்க ஒரு விஷயம் உண்டு. டெனன்ட் தோணியேறிய காலத்தில் கல்லடியில் பாலமே கிடையாது. ஆளுநர் மனிங்கின் மனைவி பெயரால் லேடி மனிங் பாலம் என்று அழைக்கப்படும் பழைய பாலம் 1924ஆம் ஆண்டினது. பக்கத்திலுள்ள புதிய பாலம் 2013இல் திறக்கப்பட்டது. அப்படியானால் கோட்டைத் துறையடியில் கேட்ட சத்தம் பாலத்தடிக்கு எப்போது குடிபெயர்ந்தது? வாவியின் அடித்தரை மாறியதா, பாலத்தில் நின்று கேட்பது வசதி என்பதால் ஊர் வழக்கு மாறியதா? நான் பார்த்த பயணப் பக்கம் ஒன்றுகூட இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்பதற்கு, எழுதியவர் இரண்டு ஆண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

இன்னொன்று, இதைவிடச் சுவையானது. சத்தம் போடுவது மீன் அன்று, ஒருவகைச் சிப்பி என்று மீனவர்கள் டெனன்டிடம் சொன்னார்கள். அதன் தமிழ்ப் பெயர் என்று அவர் ஆங்கில எழுத்தில் எழுதிவைத்ததை அப்படியே வாசித்தால் 'ஊரி கூலீரூ க்ராடூ' என்று வரும். அழும் சிப்பி என்று பொருளும் தந்தார். ஆங்கிலப் பக்கங்கள் சில இதைச் சிப்பியின் பெயராகவே இன்றும் எடுத்துப் போடுகின்றன. எங்கள் பக்கத்துக் காது உள்ளவருக்கு இது பெயராகக் கேட்காது, வாக்கியமாகக் கேட்கும்: 'ஊரி குழறுகிறது.' ஊரி என்பது சிறு சிப்பி, நத்தை வகை. குழறுவது என்றால் எங்கள் பேச்சில் சத்தம் போட்டு அழுவது. பிள்ளை விடாமல் அழுதால் 'ஏன் குழறுறாய்?' என்றுதான் கேட்போம். துரை சிப்பியின் பெயரைக் கேட்டார். தோணிக்காரரோ அது செய்வதைச் சொன்னார். துரை அதையே பெயராக எழுதிக்கொண்டார். இது என் வாசிப்பு. ஆனால் 160 ஆண்டுகளுக்கு மேலாக நகலெடுக்கப்பட்டுவரும் ஒரு பத்தியில் புதிதாகச் சொல்ல ஒரு விஷயம் மிஞ்சியிருக்கிறது. அதைச் சொல்லத் தமிழ் தெரிந்திருந்தால் போதும். இணையத்தில் உள்ளடக்கத்தை வளப்படுத்துவது பற்றி நான் சொல்ல நினைப்பதெல்லாம் இந்த உதாரணத்துக்குள் ஏறக்குறைய அடங்கிவிடும்.

தேடுபொறிக்காரர்கள் வெறுமையான பக்கங்களை 'மெலிந்த உள்ளடக்கம்' என்கிறார்கள். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வயல் பார்த்து வளர்ந்தவனுக்கு அதைவிடப் பொருந்துகிற சொல் கைவசம் உண்டு: பதர். நெல்லைப் போலவே இருக்கும், உள்ளே அரிசி இருக்காது. களவெட்டியில், அதாவது நெற்களத்தில், தூற்றும்போது நெல் காலடியில் விழும், பதரைக் காற்று கொண்டுபோகும். கூகிள் செய்ய முயல்வதும் தூற்றும் வேலைதான். அதன் காற்று எப்போதும் ஒரே சீராக அடிப்பதில்லை என்பது வேறு கதை.

அந்த வேலை பெரிய அளவில் தொடங்கியது 2011 பெப்ரவரியில். அதற்கு முந்திய சில ஆண்டுகளில் அமெரிக்காவில் 'கன்டென்ட் ஃபார்ம்' எனப்பட்ட நிறுவனங்கள் முளைத்திருந்தன. மக்கள் தேடும் சொற்றொடர்களைப் பட்டியல் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் மலிவுக் கூலிக்கு ஒரு கட்டுரை எழுதுவித்து, பக்கத்தில் விளம்பரத்தை ஒட்டுவது அவற்றின் தொழில். அவற்றைக் கீழே தள்ளக் கூகிள் கொண்டுவந்த மாற்றத்துக்குப் பொறியாளர் ஒருவரின் குடும்பப் பெயரால் 'பாண்டா' என்று பெயர் விழுந்தது. அமெரிக்கத் தேடல்களில் ஏறத்தாழ 12 விழுக்காட்டின் முடிவுகள் மாறுவதாகக் கூகிளே அறிவித்தது. அதே ஆண்டு ஒகஸ்டில் சீனம், யப்பானியம், கொரியம் தவிர்த்த மற்ற மொழிகளுக்கும் அது விரிந்தது. ஆக, தமிழ்ப் பக்கங்களும் ஒரு தசாப்தத்துக்கு மேலாக அந்தச் சுளகில்தான் இருக்கின்றன. 2022இல் 'பயனுள்ள உள்ளடக்கம்' என்ற பெயரில் இன்னொரு மாற்றம் வந்தது. 2024 மார்ச்சில் அதையும் முதன்மை முறைக்குள் கலந்துவிட்டு, பக்கங்களை மொத்தமாக உற்பத்தி செய்து தள்ளுவது விதிமீறல் என்று அறிவித்தார்கள். எழுதியது மனிதனா இயந்திரமா என்பது அங்கே கேள்வியில்லை. தேடல் முடிவில் இடம்பிடிப்பதற்காகவே ஆயிரக்கணக்கில் பிறப்பிக்கப்பட்டதா என்பதுதான் கேள்வி.

இவ்வளவு நடந்தும் நம்மிடையே ஒரு மூடநம்பிக்கை அசையவில்லை. பக்கம் நீளமாக இருந்தால் மேலே வரும் என்பது அது. கிழக்குக் கரையான எழுவான்கரையில் சிறிய விடுதி நடத்தும் நண்பர் ஒருவர் என்னிடம் வந்ததும் அந்த நம்பிக்கையோடுதான். "மச்சான், எங்கட சைட் எங்கயும் வருதில்ல. சைட் செஞ்ச பொடியன் ஒரு பக்கத்துக்கு ரெண்டாயிரம் சொல் வேணுமாம். எழுதித் தாவன்." சொற்களின் எண்ணிக்கை தரவரிசைக்குக் காரணம் இல்லை என்று கூகிளின் ஆட்கள் பலமுறை சொல்லிவிட்டார்கள், தளம் நடத்துவோருக்கான அவர்களுடைய தொடக்கக் கையேடும் அதையே சொல்கிறது. இருபது சொல்லில் முடியும் பதிலுக்கு ஈராயிரம் சொல் எழுதுவது பதர் மூட்டையை இன்னும் பெரிதாகக் கட்டுவது. மூட்டை பெரிதாகும், எடை ஏறாது.

நண்பரின் தளத்தைத் திறந்து பார்த்தேன். வரவேற்புப் பக்கத்தில் வாவி 56 கிலோமீற்றர் நீளம், 141 சதுர கிலோமீற்றர் பரப்பு; கோட்டை போர்த்துக்கேயர் கட்டியது 1628இல், ஒல்லாந்தர் பிடித்தது 1638இல்; பிறகு பாடும் மீன். எதுவும் பிழையில்லை. ஆனால் இந்த எண்கள் ஆயிரம் பக்கங்களில் உள்ளவை. ஆயிரத்தோராவது பக்கத்தைக் காட்ட எந்தத் தேடுபொறிக்கும் அவசரம் இல்லை. கீழே போனால் இன்னும் மோசம். கல்லடியில் தங்குமிடம், காத்தான்குடியில் தங்குமிடம், ஆரையம்பதியில் தங்குமிடம், களுவாஞ்சிக்குடியில் தங்குமிடம், ஏறாவூரில் தங்குமிடம், வாழைச்சேனையில் தங்குமிடம் என்று ஊருக்கு ஒரு பக்கம். ஒரே பத்தியில் ஊர்ப்பெயர் மட்டும் மாறியிருந்தது. வாழைச்சேனைப் பக்கமும் யன்னலைத் திறந்தால் மட்டக்களப்பு வாவி தெரியும் என்று சத்தியம் செய்தது. இருப்பதோ ஒரே கட்டடம், ஏழு அறை. இப்படிப்பட்டவற்றுக்கு 'வாசல் பக்கங்கள்' என்று தொழிலில் பெயர்: எந்த வாசலால் நுழைந்தாலும் ஒரே கூடம். மனிதர் பார்த்துத் தண்டிக்கும் குற்றங்களின் பட்டியலில் கூகிள் வைத்திருக்கும் வகைகளில் இதுவும் ஒன்று. எங்கிருந்தோ எடுத்து ஒட்டியவை, பொறி தானாகப் பிறப்பித்தவை, விற்பனைத் தரகுக்காகச் சொந்தச் சொல் ஒன்றுமில்லாமல் போட்டவை ஆகியவையும் அதே பட்டியலில் உண்டு.

தண்டனை வரவில்லை. வந்தது அதைவிடச் சாதாரணமான ஒன்று. கூகிள் தளம் நடத்துவோருக்குத் தரும் சேர்ச் கன்சோல் என்ற இலவசக் கருவியைத் திறந்தோம். பெரும்பாலான பக்கங்களுக்கு நேரே, வந்து பார்த்தாயிற்று, ஆனால் அட்டவணையில் சேர்க்கவில்லை என்ற பொருளில் ஒரு குறிப்பு. தேடுபொறியின் வேலை மூன்று கட்டம். முதலில் அதன் தானியங்கி நிரல் வந்து பக்கத்தைப் படித்துப்போகும். அடுத்து அட்டவணையில் சேர்க்கலாமா என்று முடிவாகும். அதற்குப் பிறகுதான் முதலாவதா நூறாவதா என்ற போட்டி. நம்மவர்கள் மூன்றாம் கட்டத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க, நண்பரின் பக்கங்கள் இரண்டாம் படியிலேயே நின்றுவிட்டன.

எனவே முதல் வேலை எழுதுவது அன்று, வெட்டுவது. ஊர்ப்பெயர்ப் பக்கங்கள் எல்லாவற்றையும் நீக்கி, பழைய முகவரிகளை நிரந்தரத் திசைமாற்றத்தால் ஒரே பக்கத்துக்குக் கொண்டுவந்தோம். எங்கிருந்து எப்படி வருவது என்பதை அந்த ஒரு பக்கத்தில் ஒழுங்காக எழுதினோம். நண்பருக்கு மனம் கேட்கவில்லை. காசு கொடுத்துச் செய்த பக்கங்களாயிற்றே.

எழுதுவதற்கு விஷயம் தேடி நான் நூலகத்துக்குப் போகவில்லை. நண்பரின் அம்மாவிடம் போனேன். வாவிக் கரையிலேயே பிறந்து அங்கேயே வாழ்ந்தவர். வாவி என்ற சொல்லை அவர் வாயால் கேட்டதில்லை. அவருக்கு அது ஆறு. வெளியூர்ச் சனம் எந்த மாதம் வந்தால் நல்லது என்று கேட்டேன். மாரி மழையில் ஆறு நிறைந்து படுவான்கரை வயல்களுக்குள் ஏறும்போது, மணல் மூடிய முகத்துவாரத்தை வெட்டி வெள்ளத்தைக் கடலுக்கு விடும் கதையை அவர் சொன்னார். "ஆத்துவாய வெட்டினாப் பொறகு தண்ணி வடிஞ்சிரும் மனே. கரையெல்லாம் சேறு. அந்த நேரம் வெள்ளைக்காரன் வந்து என்னத்தப் பாக்கிற?"

இந்த மூன்று வாக்கியங்களின் பெறுமதியை யோசித்துப் பாருங்கள். வடகீழ்ப் பருவமழை மாதங்களில் இங்கே வர நினைப்பவருக்கு உண்மையில் வேண்டிய தகவல் இது. எந்தப் பயணப் பக்கத்திலும் இல்லாதது. அந்தக் கரையில் வாழ்ந்தவர் மட்டுமே சொல்லக்கூடியது. டெனன்டுக்கு மீனவர் சொன்ன, மழைவெள்ளம் இறங்கினால் சத்தம் நின்றுவிடும் என்ற குறிப்போடும் அது பொருந்தி நிற்கிறது. மாரிகாலத்தில் மீன் பாடும் என்று நம்பி வர வேண்டாம் என்று நண்பரின் தளத்தில் எழுதினோம். விடுதிக்காரர் எவரும் எழுதத் தயங்கும் வாக்கியம், நண்பரும் தயங்கினார். கொஞ்ச நாள் கழித்துக் குருநாகலிலிருந்து ஒருவர் அழைத்து, மாரியில் வர வேண்டாம் என்று போட்டிருக்கிறீர்களே, அப்படியானால் எப்போது வரலாம் என்று கேட்டிருக்கிறார். வந்தும் போனாராம்.

மற்றவை சில்லறை வேலைகள், விரைவாகச் சொல்லிவிடலாம். கொழும்பிலிருந்து உதயதேவி புகையிரதத்தில் வந்தால் நிலையத்திலிருந்து விடுதிக்கு எப்படி வருவது என்று எழுதினோம். பாசிக்குடா இங்கிருந்து ஏறத்தாழ 35 கிலோமீற்றர் தள்ளி. கடலில் குளிப்பது மட்டும் நோக்கமென்றால் அங்கேயே தங்குங்கள் என்றும் எழுதினோம். படங்களுக்குக் கமரா கொடுத்த எண்களை மாற்றி, எங்கே எப்போது எடுத்தது என்று ஒவ்வொன்றின் கீழும் குறித்தோம். படம் தெரியாதவருக்கான மாற்று உரையிலும் அதையே போட்டோம். ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித் தலைப்பு. எழுதியவர் பெயர். எண்ணிப் பார்த்தால் முன்பிருந்த சொற்களில் பாதிகூட இப்போது தளத்தில் இல்லை.

ஒரு விடுதியின் கதை இப்படி முடிந்துவிடும். பிரதேசத்தின் கதை அவ்வளவு எளிதில் முடியாது. மட்டக்களப்பைப் பற்றி எழுத்து இல்லாமல் இல்லை, நிறையவே இருக்கிறது. 1921இல் எஸ்.ஓ. கனகரத்தினம் ஆங்கிலத்தில் எழுதிய மாவட்ட வரலாறு இருக்கிறது. எப்.எக்ஸ்.சி. நடராசா 1962இல் பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மியம்', வி.சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழகம்', சி. மௌனகுருவின் 'மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்' என்று பட்டியல் நீளும். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம், கல்லடியில் விபுலாநந்தரின் பெயரால் அழகியற் கற்கைகள் நிறுவகம். வடமோடி, தென்மோடி, வசந்தன் கூத்துகள், கண்ணகி சடங்கு என்று ஆராய்ந்து எழுதப்பட்டது கொஞ்சமன்று. இவ்வளவு தானியம் பத்தாயத்தில் இருக்க, இணையச் சந்தையில் விற்பனைக்குக் கிடப்பது பதர். தானியம் சந்தைக்கு வராமல் போன வழிகள் பல.

முதலாவது எழுத்துருத் தடை. இலங்கைத் தமிழர் கணினியில் தட்டெழுதப் பழகிய காலத்தில் பாமினி எழுத்துருதான் அரசன். பத்திரிகை, பாடசாலை மலர், திருமண அழைப்பிதழ் எல்லாம் பாமினி. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் கணினிக்குள் அது ஆங்கில எழுத்துகளின் வரிசை. பாமினியில் 'மட்டக்களப்பு' என்று தட்டினால் கணினி சேமித்துவைப்பது கே, எல், அரைப்புள்ளி, எல், எஃப், அரைப்புள்ளி, எஃப், எஸ், ஜி, அரைப்புள்ளி, பெரிய ஜி. ஒருங்குறியில் தமிழ் 1991ஆம் ஆண்டின் முதற் பதிப்பிலேயே இடம்பெற்றுவிட்டது. ஆயினும் பாமினியில் தட்டிய தளங்களும் கோப்புகளும் அதன் பிறகும் பல்லாண்டு பெருகின. அப்படிப்பட்ட பக்கம் ஒன்றில் வாவியைப் பற்றி ஐம்பது பக்க ஆய்வு இருந்தாலும், மட்டக்களப்பு என்று தமிழில் தேடுபவருக்கு அது கிடைக்காது. தேடுபொறியின் கண்ணில் அது மெலிந்த பக்கம்கூட இல்லை, பொருளற்ற எழுத்துக் குவியல். இதற்கு மருந்து மலிவு. எழுத்துரு மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பழைய கோப்பைப் போட்டால் சில நொடிகளில் ஒருங்குறியாகும். கொம்பும் காலும் இடம் மாறும் சில இடங்களைக் கையால் திருத்த வேண்டியிருக்கும், அவ்வளவுதான். பழைய சிறப்பு மலர் ஒன்றின் பாமினிக் கோப்பை வீட்டில் வைத்திருப்பவர் இப்பகுதியில் பல நூறு பேராவது இருப்பார்கள் என்பது என் ஊகம்.

அடுத்தது படப்பிரதிகள். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாக வருடி இணையத்தில் ஏற்றியிருக்கிறது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட சமூகத்தில் இதன் அருமையை விளக்கத் தேவையில்லை. ஆனால் வருடப்பட்ட பக்கம் ஒரு படம். அதற்குள் இருக்கும் சொற்கள் எழுத்துணரியால் உரையாக்கப்பட்டால்தான் தேடலில் அகப்படும். நூலின் பெயர் தெரிந்தவர் கண்டுபிடிப்பார். 'களவெட்டி' என்ற சொல்லின் பொருள் தேடி வரும் மாணவிக்கு, அந்தச் சொல் இருக்கும் பக்கம் ஒரு புகைப்படத்துக்குள் மௌனமாகக் கிடக்கும். தமிழை உணரும் கருவிகள் இப்போது நன்றாகவே வேலை செய்கின்றன. தமிழ்நாட்டில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் பலவற்றைத் தன்னார்வலர்கள் இந்த வழியில் உரையாக்கி விக்கிமூலத்தில் ஏற்றியிருக்கிறார்கள். இங்கே தொடங்குவதற்கு ஏற்ற நூலும் உண்டு. இலங்கையின் 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகளில் பதிப்புரிமை முடிகிறது. காரைதீவில் பிறந்து கல்லடியில் துயிலும் சுவாமி விபுலாநந்தர் மறைந்தது 1947 யூலையில்; 'யாழ்நூல்' அரங்கேறியதும் அதே ஆண்டில். ஆக, 2018 முதல் அவர் எழுத்து இலங்கையில் பொதுச்சொத்து. வாவியின் இந்த இசையை நீரர மகளிரின் பாட்டாகக் கற்பனை செய்து செய்யுள் எழுதியவரும் அவர்தான். பாடும் மீனைப் பற்றிய பயணப் பக்கங்களில் அவர் பெயரைக் காண்பது அபூர்வம்.

கடைசித் தடை முகநூல். மட்டக்களப்பின் இன்றைய அறிவில் பெரும்பகுதி அங்கேதான் எழுதப்படுகிறது. கோயில் சடங்கு, குளத்தின் பழைய பெயர், காணாமற்போன பலகாரத்தின் பக்குவம், இவற்றைப் பற்றி ஊர்ப் பெரியவர்கள் நீளமாக எழுதுகிறார்கள். கீழே நாற்பது பேர் திருத்தம் சொல்கிறார்கள். ஒரு கிழமையில் எல்லாம் ஓட்டத்தில் அடிபட்டுப் போய்விடும். மூடிய குழுவுக்குள் இருப்பதைத் தேடுபொறி படிக்காது. பலர் எழுதியதைப் படமாக்கி, பின்னால் தாமரையும் வைத்துப் போடுகிறார்கள். அது இன்னும் மோசம்.

இதோடு சேர்த்துப் பேச வேண்டியது பெயர்ச் சிக்கல். நூலில் எழுதினால் வாவி. கடற்றொழில் அதிகாரிக்குக் களப்பு. கரையில் இருப்பவருக்கு ஆறு. தமிழ்நாட்டு வாசகருக்குக் காயல் அல்லது ஏரி. பழவேற்காட்டை ஏரி என்றுதானே சொல்கிறார்கள். இயந்திர மொழிபெயர்ப்போ சில வேளை குளம் என்று போட்டுவிடுகிறது. ஊரின் பெயரும் மட்டக்களப்பு, மட்டுநகர், மட்டு என்று பேச்சில் தேயும். போதாக்குறைக்குத் தமிழ் விகுதிகள்: மட்டக்களப்பில், மட்டக்களப்புக்கு, மட்டக்களப்பிலிருந்து. எல்லா வடிவங்களையும் ஒரே பத்தியில் திணிப்பது சிலர் சொல்லும் உபாயம், படிக்கிறவர் ஓடிவிடுவார். தலைப்பில் ஊர்ப்பெயரை விகுதியில்லாமல் ஒருமுறை எழுதி, உள்ளே இந்த நீருக்கு யார் யார் என்ன பெயர் சொல்கிறார்கள் என்பதையே ஒரு பத்தியாக்கினால் பெயர்கள் இயல்பாக வந்துவிடும். அந்தப் பத்திக்கும் சொந்தப் பெறுமதி உண்டாகும். எழுவான்கரை, படுவான்கரை என்ற சொற்களும் அப்படித்தான். சூரியன் எழும் பக்கத்துக் கரை, படும் பக்கத்துக் கரை என்று இந்த நீரை நடுவில் வைத்து உலகத்தைப் பிரித்த சொற்கள் அவை. அவற்றை விளக்கி எழுதும் பக்கத்துக்குப் போட்டியாக வர அதிகம் பேர் இல்லை.

இத்தனை பாடுபட்டு எழுதினால் பலன் நிச்சயமா என்று கேட்பவருக்கு நான் உறுதி தரமாட்டேன். தேடுபொறி ஒரு தனியார் வியாபாரம். அதன் விதிகள் நம்மைக் கேட்டு மாறுவதில்லை. 2024 மே மாதம் அமெரிக்காவில் தொடங்கி, தேடல் பக்கத்தின் உச்சியிலேயே செயற்கை நுண்ணறிவு எழுதிய விடையைக் கூகிள் வைக்கிறது. விடை அங்கேயே கிடைத்துவிட்டால் நம் பக்கத்தைத் திறக்க ஆள் குறையும். நல்ல சிறு தளங்கள் பல காரணம் தெரியாமல் கீழே போனதும் உண்டு. ஆனால் அந்த விடைப்பெட்டிக்கும் தீனி நாம் எழுதுவதுதான். அதற்கு இப்போது கிடைப்பது கல்லடிப் பாலமும் துடுப்பும் முழுநிலவும். ஆத்துவாய் வெட்டும் கதை எங்கும் எழுதப்படாத வரையில் எந்த இயந்திரமும் அதைச் சொல்லப்போவதில்லை. அல்லது தெரிந்ததுபோல எதையாவது இட்டுக்கட்டிச் சொல்லும்.

ஆகவே வாவிக் கரையில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். மழை இல்லாத மாதமொன்றில், நிலவு நிறைந்த இரவில், ஒரு தோணிக்காரரை அழைத்துக்கொண்டு இரண்டு இடங்களுக்குப் போங்கள்: கோட்டைத் துறையிலிருந்து வடகிழக்கே 200 யார், பிறகு கல்லடிப் பாலத்தடி. இயந்திரத் தோணி வேண்டாம், சத்தம் கெடுக்கும். மரத்தில் காதை வையுங்கள். கைபேசியில் பதிவு செய்யுங்கள். திகதி, நேரம், காற்று, நீரோட்டம், தோணிக்காரர் அந்தச் சத்தத்துக்குச் சொல்லும் பெயர், எல்லாவற்றையும் குறியுங்கள். ஒன்றும் கேட்கவில்லையென்றால் கேட்கவில்லை என்றே எழுதுங்கள். ஒருங்குறியில் தட்டி, உங்கள் பெயரையும் போட்டு, எவரும் திறக்கக்கூடிய ஒரு பக்கத்தில் ஏற்றிவிடுங்கள். முந்நூறு சொல் போதும்.